நான்கு துளைகளுக்கு ஒரு விண்ணப்பம்

கம்பெனி வாகன விதிகளில் பதினேழாவது இப்படிச் சொன்னது: வண்டியின் மேல் ஏற்றும் எந்த அறையும் நான்கு மூலைகளிலும் வண்டியோடு இரும்பால் பிணைக்கப்பட வேண்டும்; அதற்காக வண்டியில் புதிதாகத் துளை போடுவதானால் தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். நல்ல விதி. அதைத் தட்டச்சு செய்து, சுற்றுக்கு விட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். சவுதியில் எங்கள் ஜுபைல் கேம்ப்பில் அதைப் படித்த ஒரே ஆளும் நான்தான்.

எழுபத்தேழாம் ஆண்டு. போக்குவரத்துப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன் சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் பல வருடங்கள். கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்பது அங்கே எனக்கு ஊறிப்போன பாடம்.

குழாய்ப் பாதை அளக்கப் போகிறவர்கள் பாலைவனத்தில் தங்குவதற்கு ஒரு கேம்பர் இருந்தது. பிக்கப்பின் பின்தொட்டியில் அப்படியே உட்காரும் அறை. மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி. எங்களிடம் வரும்போதே அது கிழடு. அதைச் சுமந்த பழைய அமெரிக்க பிக்கப்பின் இன்ஜின் ஜூன் மாதத்தில் செத்துப்போனது. பதிலுக்குப் புத்தம் புதிய ஜப்பான் வண்டி வந்தது.

பழைய வண்டியின் தொட்டி கனத்த தகடு, பக்கங்கள் தாழ்வு, கொக்கி மாட்டச் சதுரத் துளைகள் உண்டு. புதிதில் பக்கங்கள் உயரம், தகடு பிஸ்கட் டின் போல மெல்லிசு, துளையே கிடையாது. கேம்பரை இறக்கிப் பார்த்தோம். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த அதன் இரண்டு இறக்கைகளும் தொட்டியின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றன. அடிப்பாகம் நாலு விரல் உயரத்தில் தொங்கியது.

இதில் அவசரம் எனக்கல்ல, சர்வேயருக்கு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இருபத்தெட்டு வயது. தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, கேம்ப் முழுக்க அவன் பெயர் அதன் பிறகு ‘மாப்பிள்ளை’தான். கல்யாணம் ஆவணியில். பாதையை அளந்து முடித்தால்தான் லீவு என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஆவணி போனால் புரட்டாசி. அதில் யாரும் தாலி கட்டுவதில்லை. ஐப்பசி வரை காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் தகப்பனார் முன்பே எழுதிவிட்டார்.

நான் என்ன செய்தேன்? விதி பதினேழை மேற்கோள் காட்டி, நான்கு துளைகள், அரை அங்குலம், இடங்கள் இணைப்பில் காண்க என்று வரைபடத்தோடு மூன்று பிரதி விண்ணப்பம் தயாரித்து, பஹ்ரைனில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பிறகு இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரர். பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏன் கேட்டீர்?”

“விதி இருக்கிறது, ஐயா.”

“கேட்காமல் இருந்திருந்தால் இன்று மதியமே நான் துளை போட்டிருப்பேன். இப்போது கேட்டாகிவிட்டது. பதில் வரும் வரை யாரும் ட்ரில்லைத் தொட முடியாது.”

அவர் சொன்னது சரி. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் காரியத்தைச் செய்தால் அது குற்றம். கேட்காமல் செய்தால் வெறும் வேலை. இந்த வித்தியாசத்தை அத்தனை வருட அரசாங்க உத்தியோகம் எனக்குக் கற்றுத்தரவில்லை.

மூன்று வாரம் போயிற்று. இரண்டு நினைவூட்டல், ஒரு டெலக்ஸ். பஹ்ரைன் எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பார்கள். கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். மாப்பிள்ளை தினமும் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்பான். தபால் தட்டைப் பார்ப்பான், போவான்.

வண்டியின் டிரைவர் திருச்செங்கோட்டுக்காரர். இங்கே வருவதற்கு முன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர். அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. என் படிவத்தில் டிரைவர் அபிப்பிராயத்துக்குக் கட்டம் கிடையாது. ஒருநாள் மத்தியானம் அவராகவே வந்தார்.

“ஏனுங்க சார், தொட்டிய சேசிஸோட புடிச்சிருக்கிற போல்ட்டு அங்கயே இருக்குதுங்களே. அதைக் கழட்டி, நடுவுல பட்டை இரும்பு ஒண்ணு குடுத்து, நீளமான போல்ட்டாப் போட்டு முறுக்கிட்டா ஆச்சுங்க. பட்டை வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும். அதுல வளையம் வெச்சு சங்கிலி மாட்டிக்கலாம். ஓட்டை எதுக்குங்க?”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டனுங்க.”

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

ஒரே நாளில் முடிந்தது. வெல்டர் நான்கு பட்டைகளை வளைத்துக் கொடுத்தார். தொட்டிக்குள் கட்டைகளை அடுக்கி மேடை போட்டோம். வழுக்காமலிருக்க மேலே பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர். கேம்பர் அதன் மேல் இடிக்காமல் உட்கார்ந்தது. டிரைவர் ஒவ்வொரு சங்கிலியையும் திருகுக் கம்பி போட்டு முறுக்கினார். தட்டினால் ‘ணங்’ என்றது.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வெறகு ஏத்துதீயளோ?” என்றான் மாப்பிள்ளை.

“நீ வாய மூடிக்கிட்டு உள்ள ஏறு மாப்ள. மைசூர் மலை எறங்குனாலும் அசையாது.”

அசையவில்லைதான். ஆனால் லாரிப் பாரத்தை இறுக்குகிற மாதிரி இறுக்கியிருந்தார். நெல் மூட்டைக்கு அது தாங்கும். இது உள்ளே காலியான கிழட்டு அறை. நெளித்தகடு போல வரிவரியாக மேடுபள்ளமான மண்பாதையில் வண்டியின் முதுகு முறுக்கும்போது சங்கிலி விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே மூலைச்சட்டம் விட்டுக்கொடுத்தது. இரண்டாம் நாளே வலது முன்மூலை கொக்கியோடு பிய்ந்தது. ஜூலை வெயிலில் திரும்பி வந்தார்கள். இருவர் முகத்திலும் உப்புப் பூத்திருந்தது.

டிரைவர் நேரே என்னிடம் வந்தார். “தப்பு எம்மேலதானுங்க. ரொம்ப இறுக்கிப்போட்டேன்.”

என் பணிக்காலத்தில் அப்படியொரு வாக்கியத்தை எந்தக் கோப்பிலும் நான் படித்ததில்லை. என்ன குறிப்பு எழுதுவது என்று தெரியாமல், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டேன்.

மூலைக்குத் தச்சர் புதுக்கட்டை வைத்துப் போல்ட் போட்டார். சங்கிலிக்கும் கொக்கிக்கும் நடுவே லாரி டியூபை வெட்டி, மூன்று மடிப்பு வளையமாக டிரைவரே கோத்தார். இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், பிறகு பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முப்பது கிலோமீட்டருக்கும் இறங்கிப் பார்த்து இறுக்க வேண்டும் என்று அவராகவே ஒரு விதி வைத்துக்கொண்டார். யாரும் தட்டச்சு செய்யாத அந்த விதியைக் கடைசி வரை மீறவில்லை.

பாதை அளந்து முடிந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. கூடவே ரம்ஜானும். அலுவலகங்கள் பாதி நேரம். கஃபீல், அதாவது எங்கள் ஸ்பான்சர், ஊரிலேயே இல்லை. அவர் கடிதம் இல்லாமல் போய்வரும் விசா கிடையாது. நானே மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தம்மாமுக்கு நான்கு முறை போனேன். கடிதத்தில் கஃபீலின் தம்பி கையெழுத்துப் போட்டார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, நான் யாரையும் கேட்கவில்லை.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தான். ஜவுளி எடுக்கக்கூட நேரமில்லையாம்; தம்பியின் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்டினானாம். திரும்பி வந்து கேம்ப் முழுக்க அல்வா கொடுத்தான்.

“சார், அன்னைக்கு நீங்க கேக்காம இருந்திருந்தா, நிச்சயம் பண்ணின தேதியிலயே நடந்திருக்கும்” என்றான், அல்வாவை என் மேசையில் வைத்துவிட்டு. கோபமாகச் சொல்லவில்லை.

தலைமை அலுவலகத்தின் பதில் கடிதம் அதற்கும் பிறகுதான் வந்தது; ஒரே ஒரு பத்தி. நான்கு துளைகளுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. வேலை தொடங்குமுன் சர்வேயரின் ஒப்புதலையும் பெற்று அனுப்பவும். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். காட்டினேன். பிறகு ‘பெறப்பட்டது’ முத்திரையை எடுத்து, மை தொட்டு, கடிதம் வந்த அன்றைய தேதியை வைத்துக் குத்தினேன்: 9 நவம்பர் 1977.