அமுக்காமல் வைத்த ஆறாவது ஆர்க்கிட்

என் அண்ணன் கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே மேசை. தட்டோ கோப்பையோ, அவர் கட்டி அனுப்பினால் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேரும். ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் காதருகே தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே லேசாகச் சத்தம் கேட்டாலும் போச்சு, பிரித்து இன்னும் கொஞ்சம் காகிதம் திணிப்பார். கிடங்கில் அவருக்கு ‘ஆட்டிப்பார்’ என்றே பெயர். இப்பேர்ப்பட்ட ஆள் செடி வளர்த்தால் உருப்படுமா?

அண்ணி இறந்தபோது அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அவளையும் பெட்டிக்குள் வைத்துத்தான் வளர்த்தார். அங்கே போகாதே, இருட்டுவதற்குள் வந்துவிடு. போன வருடம் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அதற்கும் போகாதே என்றார். வார்த்தை முற்றி, அவள் ஒரே ஒரு பையோடு கிளம்பிப் போய்விட்டாள். ஜன்னலோரம் அவள் ஆசையாக வளர்த்த ஆறு குட்டி ஆர்க்கிட் செடிகள் இங்கேயே நின்றுவிட்டன.

அதற்கப்புறம் அவளிடமிருந்து அப்பாவுக்கு ஒரு போன் கிடையாது. கீழ் மாடியில் இருக்கும் எனக்குத்தான் கூப்பிடுவாள். “அத்தை, செடிங்க எப்படி இருக்கு?” என்பாள். மாடி ஏறிப் பார்க்காமலே நல்லா இருக்கு என்பேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று மறந்தும் கேட்க மாட்டாள். பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

போன மாதம் திடீரென்று, “இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து செடிங்களை எடுத்துக்கிறேன்” என்றாள். மூச்சிரைக்க மாடி ஏறிப் போய் அண்ணனிடம் சொன்னேன். மனுஷனுக்கு முகமெல்லாம் பல். என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனார். அங்கே ஆறு பீங்கான் கோப்பைகள் வரிசையாக நின்றன. அடியில் ஓட்டை இல்லாத, கரையில் நீலக்கோடு போட்ட அழகான கோப்பைகள். ஐந்து செடிகளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

“என்ன போட்டு வச்சே இதுல?”

“மண்ணும் நார்த்தூளும். முன்னாடி வெறும் மரப்பட்டைத் துண்டுதான் இருந்துது. தொட்டா செடி ஆடுது. தொட்டியிலயும் சுத்திச் சுத்தி ஓட்டை. பாவம், பொண்ணு அவசரத்துல வச்சிருக்கான்னு நான் நல்லா அமுக்கி வச்சேன். ஆட்டிப் பாரு, அசையாது.”

ஒன்றைத் தொட்டேன். இலை கையோடு வந்தது. அடியில் வேர் கூழாகி நாறியது.

“செத்தது எப்படி அசையும்?” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “இதுக்காகத்தானே வரா. இதுவும் இல்லேன்னா இந்த வீட்டுக்கு எதுக்கு வருவா?” என்றார். நான் மற்ற கோப்பைகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தேன்.

ஆறாவதில் மட்டும் மூன்று வேர் கெட்டியாக இருந்தது. மறுநாளே நர்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

“யாருங்க இதுக்குச் சமாதி கட்டினது?” என்றாள் நர்சரிக்காரி. அழுகலை வெட்டி, வேரைக் கழுவினாள். “இது மரத்துல ஒட்டி வளர்ற ஜாதி. வேருக்குக் காத்து வேணும்.”

அண்ணன் இருப்பதிலேயே பெரிய தொட்டியைத் தூக்கி வந்தார். “இதுல வச்சா வளர இடம் இருக்கும்ல?”

“மூணு வேருக்கு இவ்ளோ பெரிய தொட்டியா? நடுவுல ஈரம் காயவே காயாது சார், மறுபடியும் அழுகிடும். வேர் அடங்கினா போதும்.” அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட சின்னக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். “வெளியிலேர்ந்தே வேர் தெரியும். வெளுத்திருந்தா தண்ணி ஊத்துங்க, பச்சையா இருந்தா சும்மா விட்டுடுங்க.”

பெரிய பட்டைத் துண்டுகள் பெரிய செடிக்காம். இதற்குப் பட்டாணி அளவில் பொடித்த பட்டை, நாலைந்து கரித்துண்டு, ஈரம் தாங்க ஒரு சிட்டிகை பாசி. அவள் கொட்டக் கொட்ட அண்ணனின் கட்டைவிரல் தானாக அமுக்கப் போனது. பட்டென்று கையில் ஒரு அடி போட்டாள்.

“ஆடுதேம்மா!” என்றார், பரிதாபமாக.

“ஆடட்டும். ஒரு குச்சி நட்டு லேசாக் கட்டுங்க. வேர் பிடிச்சா அதுவா நிக்கும்.”

மூன்று வாரம் அந்தக் கப்பையே சுற்றி வந்தார். கை பரபரக்கும், பின்னால் கட்டிக்கொள்வார். பார்க்கவே பாவமாக இருந்தது. “அதே மாதிரி அஞ்சு வாங்கி வச்சிடலாம், அவளுக்குத் தெரியவா போகுது” என்று நான்கூடச் சொன்னேன். “வேணாம். இருக்கிற கோவம் போதாதா, பொய் வேற சொல்லணுமா?” என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே அண்ணன் விஷயத்தைப் போட்டு உடைத்தார். “அஞ்சு போச்சும்மா. நான்தான் மண்ணைப் போட்டு அமுக்கிக் கொன்னுட்டேன். ஒண்ணுதான் மிச்சம்.”

அவள் நேராக ஜன்னலுக்குப் போய்க் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பட்டைகளுக்கு நடுவே புதிதாக ஒரு வேர், நுனி மட்டும் பச்சையாக. செடி லேசாக ஆடியது.

“இந்தக் குச்சியை யாருப்பா கட்டினது?”

ஒரு வருடம் கழித்து வந்த ‘அப்பா’. அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். “நான்தான். லூஸாத்தான் கட்டினேன்.”

பிறகு அவசரமாக உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். “பஸ்ல எடுத்துட்டுப் போறதுக்கு. எப்படி வைக்கட்டும், நீயே சொல்லு.”

பெட்டி கட்டுவதில் அவர் இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“இப்போ இதை நகர்த்தக் கூடாதுப்பா, புது வேர் விடுதில்ல? இங்கயே இருக்கட்டும். அடுத்த மாசம் வந்து பாக்கறேன்.”

செடியை நகர்த்தினால் ஒன்றும் ஆகிவிடாது. எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், வளர்த்தவள் அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் வாய் ஓயாத நானே அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.