மகஜருக்குப் போட்ட கையெழுத்து

எங்கள் ஆஸ்டின் டவுன் வரிசையில் கையெழுத்துக் கேட்டால் என் வயதுப் பெண்கள் விரலில் மை தடவிக்கொள்வார்கள். நான் பேனா கேட்பேன். தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன். கன்னடம் பேச்சோடு சரி, படிக்க வராது. அதை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி, புருஷன் இல்லாதவள், வாசலை ஒட்டி இட்லிக்கடை போட்டிருந்தாள். கடை நடைபாதையில் இருக்கிறது, கார்ப்பரேஷனில் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மகஜர் கொடுப்போம் என்று தெருவில் முடிவு செய்தோம். நாலு பேர் கையெழுத்துப் போட்டு, கடையை விட்டுவிடுங்கள் என்று கேட்பதுதானே மகஜர்?

அந்த வாரமே ஆபீஸ்காரர் ஒருவர் காகிதத்தோடு வந்தார். அவள் மாவு அரைக்கப் போயிருந்தாள்.

"அம்மா, மகஜரு. ஒந்து சைன் ஹாக்கி."

"இட்லிக்கடைக்குத்தானே?"

"ஹௌது, அதே கடைதான். இங்க கைநாட்டு..."

"யாருக்குய்யா கைநாட்டு? பேனாவக் குடு."

நாலாம் நாள் கடையை இடித்தார்கள். "நோட்டீஸ் எங்கய்யா?" என்று கத்தினேன். அதே காகிதத்தைக் காட்டினார்கள். நோட்டீஸ் கொடுத்தோம், வாங்க மறுத்தாள், கதவில் ஒட்டினோம் என்று எழுதியிருந்ததாம். பார்த்த சாட்சி நான். அவர்கள் ஊரில் மகஜர் என்றால் கோரிக்கை இல்லையாம், நேரில் பார்த்தேன் என்று சாட்சி போடும் காகிதமாம்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் பெண் தணிந்த குரலில் சொன்னாள்:

"ஆபீசர் இஷ்டத்துக்கு எழுதிடக் கூடாதுன்னுதான் அஜ்ஜி, தெருக்காரங்க சாட்சி வேணும்னு வெச்சிருக்காங்க. கைநாட்டுன்னா படிச்சுக் காட்டணும், காட்டினோம்னு எழுதவும் எழுதணும். நீங்க சைன் போட்டுட்டீங்களே."

பெரிய அதிகாரி கேட்டார்: "பார்க்கலைன்னா எதுக்கம்மா கையெழுத்து?"

அத்தனை பேர் எதிரில், எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார், விசாரிக்கிறோம் என்றார். இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன். ஃபைல் மேலே போயிருக்கிறதாம்.

அன்று ஆபீசிலிருந்து திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "விடுக்கா. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான போட்ட."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். இப்போது அவள் வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்டில் சமைக்கப் போகிறாள். காலையில் பஸ்ஸுக்கு அவள் என் வாசலைத் தாண்டும் நேரத்தில், நான் உள்ளே ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.