டிரைவர் மேல் ஏறிய ஜிங்க்ஸ்

மூன்று வாரத்துக்கு முன்னால் என் தம்பி மகன் லோகேஷிடம் கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

விஷயம் இதுதான். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி பண்டல் ஏற்றிவர லோகேஷ் ஒரு பழைய குட்டியானை வண்டி வாங்கியிருக்கிறான். ஓட்டுவது ஏழுமலை. ஐம்பது வயசு ஆள், பாதி ஆயுசை ஸ்டியரிங்கிலேயே கழித்தவர். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர். போதாததற்கு, மழையில் பிரேக் அடித்தபோது வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஒரு கரும்பு டிராக்டரின் பின்னால் இடித்தது.

லோகேஷ் டயரைப் பார்த்தானா? இல்லை. ஏழுமலையைப் பார்த்தான். "இந்தாளு ஒரு ஜிங்க்ஸ், பெரிப்பா" என்றான்.

எனக்கு அந்த வார்த்தை தெரியாது. செல்போனில் தேடினேன். போகிற இடத்துக்கெல்லாம் கெட்ட நேரத்தைக் கூட்டிவரும் ஆள் என்று போட்டிருந்தது. அட... ராசியில்லாதவன்!

இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள், சட்டையைப் பிடிப்பார்கள். இங்கிலீஷில் சொன்னால் சிரிக்கிறார்கள். விக்கெட் விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஜிங்க்ஸ். கரண்ட் போனால் அந்த நேரம் உள்ளே நுழைந்தவன் ஜிங்க்ஸ். மூடநம்பிக்கைக்குப் பேன்ட் மாட்டிவிட்டால் அது படிப்பாகிவிடுமா?

ஏழுமலைக்கு இது வேடிக்கை இல்லை. வண்டி ஓனர்களின் வாட்ஸப் குரூப்பில் லோகேஷ் அந்த ஒரு வார்த்தையைப் போட்டால் போதும் — பள்ளிப்பட்டு வரைக்கும் ஒருத்தரும் அவர் கையில் சாவி கொடுக்க மாட்டார்கள். அந்த வயதில் வேறு எந்த வேலைக்குப் போவார்?

லோகேஷ் பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னான். ஏழுமலை மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டால் வேலையில் வைத்துக்கொள்வானாம். அங்கேதான் கத்தினேன்.

"டயர்ல பட்டனே இல்ல, வழவழன்னு தேஞ்சி கெடக்குது. அந்தாளு முடிய எடுத்தா டயர்ல பட்டன் மொளைக்குமாடா?"

அவன் அசையவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்ளுங்கள், வண்டி என்னுடையது என்றான். எனக்குக் கை துறுதுறுத்தது.

பக்கத்திலேயே நின்றிருந்தார் ஏழுமலை. அவருக்காகத்தான் நான் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். அவரோ என்னைக் கையமர்த்தினார்.

"ஆங், தம்பி சொல்றது கரெக்டுதாங்க. எடுத்துடறேன். ஆனா தினம் ஓட்டிகினு இருக்கறன் இல்ல... எங்கிட்ட இருக்கறது டயர்லயும் ஏறியிருக்கும். முடிய நான் எடுத்துடறேன், டயர நீ எடுத்துடு தம்பி. ஒண்ண விட்டாலும் மறுபடி வந்து ஒட்டிக்கும்."

லோகேஷ் யோசித்தான். தாடையைச் சொறிந்தான். நான் சொன்ன நியாயம் ஏறாத மண்டையில் இது ஏறிவிட்டது! வெள்ளிக்கிழமை மலை மேலே ஏழுமலையின் முடி இறங்கியது. அதே நாள் கீழே கடையில் வண்டிக்கு நாலு புது டயர் மாட்டினார்கள்.

அதற்கப்புறம் பஞ்சர் இல்லை. வழுக்கல் இல்லை. எப்படி இருக்கும்?

லோகேஷ் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறான் தெரியுமா? மொட்டை போட்டதும் ஜிங்க்ஸ் ஓடிவிட்டதாம். சந்தனம் பூசிய தலையோடு ஏழுமலையைப் படம் பிடித்து குரூப்பில் வேறு போட்டிருக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். டயரைப் பற்றி ஒருத்தனும் கேட்கவில்லை.

நேற்று டீக்கடையில் ஏழுமலையைப் பிடித்தேன். அந்தப் பயல் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே, ரோஷமே கிடையாதா என்று கேட்டேன்.

அவர் டீயை உறிஞ்சி முடித்தார். முள் முள்ளாய் முடி முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டார்.

"பிரேக் ஷூவும் தேஞ்சிதான் இருக்குதுங்க. முடி இன்னும் கொஞ்சம் வளரட்டும்... அப்புறமா சொல்லிக்கலாம்."