என் கட்டைவிரலுக்கு வந்த நோய்

முதல் அறிகுறி என் இடது கையில் தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே கட்டைவிரலால் தள்ளினேன். முடி வலிக்காமல் கழன்று வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி என் பொறுப்பு. ஊறிய தோலைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்போம். முடி கழன்றால் பதம். அன்றே குழியிலிருந்து தூக்கிவிட வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் தோல் இற்றுவிடும். எனக்கு முன் இருந்தவரை அதற்காகத்தான் வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது; மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இதுவும் போனால் யார் வேலை தருவார்கள்? எந்தத் தோலுக்கு எத்தனையாவது நாள் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவேன்.

"இன்னாடா, குழிக்குள்ள பொண்டாட்டிய வச்சிருக்கியா? சும்மா சும்மா எட்டிப் பார்க்கிறே" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளைத் தண்ணீருக்கடியில் தோல்கள் மூச்சுவிட்டது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு பகல். எங்கள் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்தலையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். முடி கழன்றது.

"மரகதம், பதம் வந்துடுச்சு. இன்னிக்கே தூக்கணும்."

என் மனைவி குழந்தையை வாரிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். "உங்க கை சரியாவுற வரைக்கும் புள்ளயத் தொடாதீங்க" என்றாள். மறுநாளே என்னை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

"பச்சப் புள்ளைக்கு முடி கொட்டத்தான் செய்யும். உனக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சொன்னாங்கம்மா. காதுல ஏறல."

"உன் கை?"

"அதுவும் பதம்தாம்மா."

"சுண்ணாம்பு விரலால ஒரே எடத்துல தேய்ச்சா யாருக்குத்தான் கழலாது?"

நரம்புத் தளர்ச்சி (ஓயாத கவலையால் மனமும் நரம்பும் களைத்துப்போவது) என்றார். புரோமைடு (படபடப்பை அடக்கும் உப்பு மருந்து) கொடுத்தார். காயம் கட்டும் துணியைச் சுருட்டச் சொன்னார். விரலுக்கு வேறு வேலை வேண்டுமாம். இனிக் குழியை இரண்டு பேர் பார்க்க வேண்டுமென்று மேஸ்திரிக்குக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம்தான் பாதி மருந்து.

பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து மரகதம் குழந்தையை என் மடியில் வைத்தாள். என் கட்டைவிரலை மட்டும் மரகதம் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போது பிடிப்பதில்லை.

குழந்தைக்குக் கருகருவென்று முடி வளர்ந்துவிட்டது. சில நாள் என் கையை இழுத்துவைத்து, தன் சின்னக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளுகிறாள். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது எத்தனையாவது நாள் என்று தெரியவில்லை; இப்போது நான் எண்ணுவதுமில்லை.