பொன்முடி ஏற்றத்தில் பெரிய டயர்

அத்தானின் டாக்சியில் அவர், நான், பின்சீட்டில் பொன்முடி விடுதியின் மேனேஜர். டயரை மாற்றவே வேண்டாம் என்று சொன்ன அக்கா வரவில்லை. துணிக்கடையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

விடுதிக்கு மாத வாடகைக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அன்று சோதனை ஓட்டம். ஒழுங்காக ஏறிவிட்டால், கிழக்கேகோட்டை டாக்சி ஸ்டாண்டு வெயிலில் சவாரிக்குக் காத்துக் கிடக்கும் பாடு அத்தானுக்குத் தீரும்.

மலை ரோட்டுக் கல்லில் வண்டியின் அடி தட்டும் என்று முந்தின வாரம்தான் வித்துராவில் ஒரு டயர் கடையில் நான்கு டயரையும் ஒரு சைஸ் பெரிதாக மாற்றியிருந்தார். பழையதை அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டார். அங்கேயே சொன்னேன்.

"அத்தான், பெரிய டயர் ஒரு சுத்துக்குக் கூடுதல் தூரம் ஓடும். மீட்டருக்கு அது தெரியாது, வேகத்தையும் கிலோமீட்டரையும் குறைச்சுக் காட்டும். ஏத்தத்துல இழுவையும் குறையும்."

"மாப்ளே, நம்ம வீட்டுல முதல்ல காலேஜ் போனவன் நீதான், சம்மதிச்சேன். அதுக்காக டயருக்கும் கிளாஸ் எடுக்காதடே. ஒரு குழப்பமும் வராது."

சோதனை ஓட்டத்தில் மலையடிவாரக் கல்லாறு வரை ஒரு குழப்பமும் வரவும் இல்லை. மேனேஜர்தான் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். "டிரைவரே, போன்ல வேகம் ஐம்பத்திமூணு, உங்க மீட்டர்ல ஐம்பது. கிலோமீட்டருக்கு வாடகை வாங்கினா நஷ்டம் உங்களுக்கல்லவா?" அத்தான் சிரித்து வைத்தார்.

வளைவுகள் தொடங்கின. முன்பு இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் முதல் கியரிலேயே வண்டி திணறியது. முன்னால் ஒரு பஸ். அது நிற்கும்போதெல்லாம் அத்தான் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நிறுத்தி ஏற்றினார். கிளட்ச் தீய்ந்த வாடை வந்தது. பிறகு எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை.

"நான் இறங்கித் தள்ளினா வாடகையில குறைப்பீங்களா?" என்றார் மேனேஜர். மேலே போன ஒரு ஜீப்பில் ஏறிக்கொண்டு, பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இழுவை வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம்.

"அக்காகிட்ட நீ சொல்லுடே. நீ சொன்னா சத்தம் போடமாட்டா."

எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து வீட்டின் கெட்ட சேதியை எல்லாம் படித்துச் சொல்வது நான்தான். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட். இப்போது இது. அக்காவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அக்கா சத்தம் போடவில்லை.

"பழைய டயர் கடையில இருக்கா, வித்துட்டானா?"

இழுவை வண்டியோடு வித்துரா திரும்பியபோது கடையில் இருந்தது. கறுப்புப் பாலிஷ் போட்டு, எங்களுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு விலையில் வாசலில் அடுக்கியிருந்தார்கள். அத்தான் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான்தான் போய்ப் பேசினேன்.

இழுவை, கிளட்ச், எங்கள் டயரை நாங்களே திரும்ப வாங்கியது எல்லாம் சேர்த்து இருபத்திமூவாயிரத்து எழுநூறு ரூபாய்.