வாசலில் பிடிபட்ட பாட்டில்கள்

கல்யாண மண்டபத்து செக்யூரிட்டிக்கு மாப்பிள்ளை முகம் தெரியாது. வருகிறவர்களின் இடுப்பும் கணுக்காலும்தான் தெரியும். வாசலில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது புரியும். சிங்காநல்லூர் மண்டபத்தில் நான் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார்: யாராவது சரக்கு பாட்டிலை உள்ளே கொண்டுபோனதாக ஒரு புகார் வந்தாலும் எனக்கு வேலை இல்லை.

கும்பிடு

சொந்தபந்தத்தைத் தடவிப் பார்த்தால் கல்யாணமே நின்றுவிடும். அதனால் எல்லோரையும் இரண்டு கையாலும் கும்பிட்டேன். பதிலுக்குக் கும்பிடாமல் போக நம் ஊர்க்காரர்களுக்கு மனசு வராது. அன்னூர் பெரியவர் ஒருவர் கும்பிட்டதும், வேட்டிக்குள் ஒரு கையால் பிடித்திருந்த பாட்டில் என் காலடியில் விழுந்தது. அவருக்குக் கோபமே இல்லை.

"நீங்க கும்பிட்டுப்போட்டீங்க, நான் எப்படீங்க சும்மா போறது?"

பேராசிரியர்

ஓர் இளைஞர் அழகாகக் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் நொண்டியபடி உள்ளே போகப் பார்த்தார். கீழே அகலமான பேன்ட். பின்னால் வந்த ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இது பூட்லெக் பேன்ட்டுங்க. பூட்ஸ் மேல விழற மாதிரி தைக்கிறது" என்று ஆரம்பித்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் திருட்டுச் சாராயத்தை நீள பூட்ஸுக்குள் செருகிக் கடத்தியதால் அதற்கும் பூட்லெக் என்றே பேராம். அப்புறம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த பாட்டுக்கும் படத்துக்கும் அதே பேர் வந்ததாம்.

வரிசை தெருவரைக்கும் நீண்டது. பாடம் முடிவதற்குள் இளைஞரின் காலில் கட்டியிருந்த ரப்பர் பேண்டு வழுக்கி, குவார்ட்டர் பாட்டில் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பேராசிரியரிடம் சொன்னார்:

"ஒரு ரெண்டு நிமிசம் முன்னாடி முடிச்சிருந்தீங்கன்னா நான் உள்ள போயிருப்பனுங்க சார்."

மஞ்சள் பை

பிடித்த பாட்டில்களைப் போகும்போது திருப்பித் தருவது வழக்கம். அன்று வேறு பை கிடைக்காமல், தேங்காய் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் தாம்பூலப் பைகளில் வைத்து நாற்காலிக்குக் கீழே அடுக்கினேன். நான் சாப்பிடப் போன நேரத்தில், பை தீர்ந்துவிட்டதென்று சமையல்கட்டு அக்கா அதையும் எடுத்து விநியோகித்துவிட்டார்.

நான் வந்து பார்த்தபோது நாற்காலிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் காரமடையிலிருந்து ஒரு அம்மணி அதே மஞ்சள் பையோடு நேராக மேனேஜர் அறைக்குள் போனார். வேலை போச்சு என்று நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மணி உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்:

"ஏனுங்க, புள்ள கல்யாணத்த இந்த மண்டபத்துலயே வெச்சுப்போடலாம்னு எங்க ஊட்டுக்காரரு நேத்திருந்து ஒத்தக்கால்ல நிக்கறாருங்க."

அஞ்சு வருஷ சர்வீஸில் மேனேஜர் என் முதுகில் தட்டிக் கொடுத்தது அந்த ஒரு தப்புக்கு மட்டும்தான்.