நிமிடத்துக்கு 131 சொற்கள்

இதில் நான் ஓர் எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஓர் எழுத்து குறைந்தது. அதுதான் விஷயமே. நடந்தது பட்டப்பகலில், காலை 10.40-க்கு.

பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் அலுவலகம் எங்களுடையது. வேகத்தை அளப்பது எளிது. ஐந்து தட்டல் சேர்ந்தால் ஒரு சொல் என்று கணக்கு. ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்பதுதான் வேகம். ஓரளவு பழகியவர் நாற்பது அடிப்பார். எங்கள் வேலைக்கு அறுபது வேண்டும். எண்பது என்றால் நல்ல வேகம். நூறைத் தாண்டுகிறவர்கள் அபூர்வம்.

நான் ஐம்பத்திரண்டு.

இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தேன். மூன்றாவதிலும் தோற்றால் வேலை போய்விடும். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

"ஐம்பத்திரண்டா? ஆமையே ஹாரன் அடிச்சிட்டு முந்திப் போயிடும், மாப்ள!" என்றான் கூட வேலை பார்க்கும் மின்னல். அவன் வேகம் தொண்ணூற்றிரண்டு. அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

தேர்வறையில் பன்னிரண்டு கணினிகள். தேர்வு எழுத நான் ஒருவன்தான். வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று ஏழாம் இருக்கையில் உட்கார்ந்தேன். தேர்வு நடத்தும் மேடம் வெளியே இருந்தார்.

10.40. தொடங்கினேன்.

10.43. பின்னால் தட்டும் சத்தம். டக்டக்டக்... சின்ன இடைவெளி... டக்டக். திரும்பினேன். யாருமில்லை.

10.45. சத்தம் என் விசைப்பலகைக்கு வந்துவிட்டது. என் விரல் படுவதற்கு முன்பே விசைகள் இறங்கின.

கையை இழுத்தேன். வரவில்லை.

திரையோரத்தில் வேகம் ஏறியது. 61... 88...

"மேடம்!" வாய் திறந்தது. குரல் எழவில்லை.

இடது சுண்டுவிரல் மட்டும் மடங்கிக் கிடந்தது. ஜில்லென்று...

131.

10.50. மணி அடித்தது. கை விடுபட்டது.

மேடம் தாளை அச்சிட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"பாஸ்தான். ஆனா எல்லாத் தப்பும் ஒரே தப்பு."

'அவர்' என்பது 'வர்' என்றிருந்தது. 'அலுவலகம்' 'லுவலகம்' ஆகியிருந்தது. எங்கள் விசைப்பலகையில் 'அ' இடது சுண்டுவிரலுக்கு உரியது.

"ஏழுல ஏம்ப்பா உக்காந்த?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போன வருஷம் ஒரு பொண்ணு. தேர்வுக்கு முந்தின நாள் கதவுல சிக்கி 'அ' அடிக்கிற விரல் நசுங்கிப் போச்சு. சொன்னா உள்ள விடமாட்டாங்கன்னு மறைச்சுட்டா. அடிச்சிக்கிட்டே இருந்தவ அந்த சீட்லயே சாஞ்சா, உயிர் போயிடுச்சு. ஸ்கிரீன்ல நூத்தி முப்பத்தொண்ணு..."

வேலை நிலைத்தது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

போன புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தேன். 10.40-க்கு மின்னல் போன் செய்தான்.

"எப்ப மாப்ள வந்த? ஆளையே காணோம்... உன் பேர்ல நூத்தி முப்பத்தொண்ணு ஓடிக்கிட்டிருக்கு! ஆனா எங்கயும் ஒரு 'அ' கூட இல்லையே... விரல்ல அடிகிடி பட்டுச்சா?"